இருபத்து மூன்றாவது காசு

பத்தொன்பது எழுதியாயிற்று. இன்னும் நாலுதான். அந்த நாலில் கடைசி எது என்று பெட்டியைத் திறந்த நிமிஷமே கஸ்பார் மோத்தாவுக்குத் தெரிந்துபோயிற்று. சார் எப்போதும் அப்படித்தான் அடுக்குவார், ரொம்பப் பிடித்ததைக் கடைசியில். அதன் பக்கம் கண்ணைக் கொண்டுபோகாமல் மற்றதையெல்லாம் முடித்துவிடுவது என்று ஒரு தீர்மானம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அட்டையாக எடுத்து, லென்ஸை வலது கண்ணுக்குக் கொடுத்து, எந்த அரசன், எந்த ஆண்டு, எத்தனை கிராம், அசலா போலியா என்று சாரின் மகள் சுகிர்தா கோடு போட்டுக் கொடுத்த தாளில் எழுதிக்கொண்டே வந்தார். அசல். அசல். அசல். பத்தொன்பது தடவை அந்த வார்த்தையை எழுதியதில் அதற்கு அர்த்தம் போய், கோடும் வளைவுமாக நின்றது. பாளையங்கோட்டையில் ஆடிக் காற்று ஜன்னல் வழியாகப் புகுந்து அட்டைகளைத் தூக்கப் பார்த்தது. ஊறுகாய் பாட்டிலை எடுத்து அவற்றின் மேல் பாரம் வைத்தார். சாப்பாட்டு மேஜை. இதே மேஜைதான். இதை நினைக்கக் கூடாது என்று நினைத்தார். அடுத்த அறையின் கதவு பாதி சாத்தியிருந்தது. அதற்குள்ளிருந்து காற்று மெத்தையின் மோட்டார் விடாமல் முனகிக்கொண்டிருந்தது, கப்பலில் இரண்டு தளத்துக்குக் கீழே ஜெனரேட்டர் ஓடுவதுபோல. முப்பத்தொரு வருஷம் அந்தச் சத்தத்துக்கு மேலே படுத்துத் தூங்கியவருக்கு இன்று அது தாங்கவில்லை. டெட்டால் வாசனை, அதற்கு மேல் குழந்தைப் பவுடர் வாசனை. பேராசிரியர் ஞானாபரணம் அங்கே படுத்திருக்கிறார். எட்டு மாதம் ஆகிறது, வலது கையும் காலும் விழுந்து. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு வெளியே நின்று ஒரு தடவை பார்த்ததோடு சரி, அப்புறம் கஸ்பார் வரவில்லை. சித்திரையில் சாரின் வீட்டம்மா இறந்தபோதுகூட வரவில்லை. மூட்டுவலி என்று போனில் சொன்னார். மூட்டுவலி இருந்தது, அது பொய்யில்லை. ஆனால் அதே வாரம் பனிமய மாதா கோயில் படி ஏறி இறங்கினாரே, அப்போது எங்கே போயிற்று அந்த வலி. இன்று பன்னிரண்டு மணிக்கு வந்து, சுகிர்தா போட்ட சோற்றைச் சாப்பிட்டு, அவள் "அப்பாவப் பாக்குதியளா அங்கிள்" என்று கேட்டபோது, தூங்கட்டும் எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவர்தான். அவர் தூங்குகிறாரா என்று இவருக்கு எப்படித் தெரியும்? அவள் அதைக் கேட்கவில்லை. நல்ல பிள்ளை. நாளைக் காலை பத்து மணிக்குக் கல்லூரி அருங்காட்சியகத்திலிருந்து பொறுப்பாளர் அம்மா வந்து பெட்டியோடு வாங்கிக்கொள்வாராம், அதற்குள் பட்டியல் வேண்டுமாம். "அப்பாவுக்கு அடுத்தபடியா இதெல்லாம் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான அங்கிள்" என்று போனில் சொன்னாள். வாஸ்தவம். தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி வரை தேடினாலும் பைசாந்தியத்து வெள்ளிக்காசு சேர்க்கிற பைத்தியங்கள் இரண்டே பேர்தான். ஒருவருக்குப் பேச்சு போய்விட்டது. இன்னொருவர் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்.

இருபதாவது காசு. நசுங்கிய ஓரம், நடுவில் துளை. யாரோ ஒரு தாய் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பிள்ளை கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். இதை இவர்தான் வாங்கிவந்தார், எண்பத்தாறில். இரண்டாம் இன்ஜினியர் கஸ்பார் மோத்தாவுக்குச் சம்பளத்தில் கொஞ்சம் கைவசம் இருக்கும், கரையில் ஒரு நாள் இருக்கும், மற்றவர்கள் போகிற இடத்துக்குப் போகப் பிடிக்காது. துறைமுகத்துக்குப் பின்னால் பழைய சாமான் விற்கிற சந்துகளில் நடப்பார். இஸ்தான்புல் என்று இன்று சொல்கிற ஊருக்கு அன்று கான்ஸ்டான்டிநோபிள் என்று பேர், அங்கே ஆயிரத்துச் சொச்சம் வருஷம் ஒரு ராஜ்யம் நடந்தது, அவர்களுக்குத் தங்கம்தான் பெரிது, வெள்ளி அடித்தது கொஞ்சம், அதனால் அகப்படுவதும் அபூர்வம் என்று கிரீஸில் பிரேயுஸ் துறைமுகத்தில் ஒரு கிழட்டுக் கடைக்காரன் சொல்லித்தான் முதலில் தெரிந்தது. அபூர்வம் என்ற வார்த்தையில் விழுந்தார். நாள் முழுக்க எண்ணெயும் சூடும் இரைச்சலுமாக இருக்கிறவனுக்கு, உள்ளங்கையில் குளிர்ச்சியாக, சத்தமில்லாமல், இரண்டு கிராம் வெள்ளி. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாமலே எட்டு வருஷம் சேர்த்தார். தொண்ணூற்றொன்றில் யாரோ சொல்லி ஞானாபரணம் சாரைப் பார்க்க வந்தார், இந்த வீட்டுக்கு, இந்த மேஜைக்கு. சார் காசைக் கையில் வாங்கியதும் எழுந்து நின்றது ஞாபகம். வரலாற்றுப் பேராசிரியர், கிரேக்கம் தானாகவே படித்தவர், அதுவரை புத்தகத்தில் படமாகப் பார்த்ததை முதல் தடவை தொடுகிறார். உட்கார்ந்துகொண்டு தொடக் கூடாது என்று தோன்றியிருக்கும். லென்ஸை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்துச் சொன்னார். எட்டு வருஷம் ஊமையாக இருந்த காசு அவர் வாயால் பேசிற்று. அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது கஸ்பாருக்குக் கண் கலங்கியது. அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேலாகக் கடிதம். துறைமுகத்துக்குத் துறைமுகம் ஏஜென்ட் கையில் சாரின் நீல உறை காத்திருக்கும். செலஸ்தீன் எழுதும் கடிதத்தை அப்புறம் பிரிக்கலாம் என்று வைத்துவிட்டு இதை முதலில் பிரித்த நாட்கள் உண்டு. மனைவிக்கு அது தெரியும், ஒரு நாளும் கேட்டதில்லை. இருபது, அசல். ஒன்று எழுதினால் இன்னொன்று பக்கத்தில் வந்துவிடுகிறது. மூன்றுதான்.

அந்தச் சிரிப்பை நினைக்காமல் இருக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். தொண்ணூற்றெட்டு, மதுரை, நாணயச் சங்கக் கூட்டம், நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். மேடையில் சார் இவரை அறிமுகப்படுத்துகிறார். "மோத்தா வாங்குவார், நான் வாசிப்பேன். அவர் கை, என் கண்ணு." எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். சார் பிரியமாகத்தான் சொன்னார், அதில் துளி விஷம் கிடையாது, விஷம் இருந்திருந்தால்கூடத் தேவலை, அப்போதே மறந்திருக்கலாம். கை. எண்ணெய்க் கை. சோறு பிசையும்போதெல்லாம் நகக்கண்ணில் கறுப்பு தெரிகிற கை. ரயிலில் திரும்பும்போது கையைப் பார்த்துக்கொண்டே வந்தார். அதோடு அந்த இன்னொரு காசு. சாரிடம் ஒன்றே ஒன்று மட்டும் இவர் வாங்கித் தராதது இருந்தது, லண்டனிலிருந்து தபாலில் வரவழைத்தது. ஹெராக்கிளியஸ் ராஜாவின் காசு, ஆறரை கிராம், தடியான வெள்ளி. பாரசீகச் சண்டையில் கஜானா காலியாகி, கோயில் பாத்திரங்களை உருக்கி அடித்தது என்பார்கள். தகப்பனும் மகனும் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பின்பக்கம் சிலுவை, அதைச் சுற்றிய எழுத்து கிரேக்கமில்லை, லத்தீன். கஸ்பார் பத்து வயதில் பீடத்தில் பூசைக்கு உதவி செய்தவர், அர்த்தம் தெரியாமலே லத்தீன் ஜெபம் முழுக்க மனப்பாடம். காசைத் திருப்பினார், வாய் தானாக வாசித்தது: தேயுஸ் அத்யூத்தா ரோமானிஸ். கடவுளே, ரோமர்களுக்கு உதவி செய்யும். யாரும் சொல்லித் தராமல் அவரே வாசித்த முதல் காசு. தோற்றுக்கொண்டிருக்கிறவன் காசில் அடித்துவைத்த ஜெபம். அதைக் கேட்டார். சார் தலையாட்டிச் சிரித்தார், இத மட்டும் கேக்காதீங்க மோத்தா என்றார். அடுத்த வருஷமும் கேட்டார். அப்போதும் அதேதான். இருபத்தொன்று, அசல். எழுத்து கோணிக்கொண்டு போகிறது. சுகிர்தா பின்கட்டில் துணி அலசும் சத்தம். அவளுக்குத் தெரியுமோ? சில சமயம் அவள் பார்க்கிற பார்வை அப்படித்தான் இருக்கிறது; இல்லை, அது அசந்துபோன பெண்ணின் பார்வை, எட்டு மாதமாகத் தூக்கம் கெட்டவளின் பார்வை. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். எல்லோர் பார்வையிலும் தன்னைத் தேடுவதே ஒரு வியாதிதான்.

தெரியாமல்தான் கொடுத்தேன் என்று பல வருஷம் தன்னிடமே சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு கதை மனசுக்குள் தயாராக இருந்தது, எடுத்துத் துடைத்துத் துடைத்து அது பளபளப்பாகவே ஆகிவிட்டது. நிச்சயமாகத் தெரியாதே, ஒரு சந்தேகம்தானே, சந்தேகத்தை வைத்துக்கொண்டு எந்தக் காசை எப்படிச் சொல்வது. ஆனால் திரியெஸ்தேயில் பார்த்தது எங்கே போகும்? தொண்ணூற்றொன்பதில் பிரேயுஸில் காப்பிக்கடையில் ஒருவனிடம் வாங்கியது அந்தக் காசு. லெயோன் ராஜாவின் மிலியாரேசியன் என்கிற வெள்ளிக்காசு. மெல்லிசாக, அகலமாக, முகமே இல்லாத காசு. ஒரு பக்கம் மூன்று படியின் மேல் சிலுவை, மறுபக்கம் ஐந்து வரியில் எழுத்து மட்டும். அதிலும் ஒரு விசேஷம், அரபுக்காரர்களின் திர்ஹம் காசை எடுத்து அதன் மேலேயே மறுபடி அடித்திருந்தது. லெயோன் என்ற பேருக்கு அடியில் அரபு எழுத்தின் வால் ஒன்று நீருக்குள் பாசி மாதிரி தெரியும். விளிம்பில் ஆறு மணி இடத்தில் ஒரு விரிசல், முனையில் இரண்டாகப் பிரியும், பாம்பின் நாக்குபோல. வாங்கின சந்தோஷத்தில் கப்பலில் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அடுத்த வருஷம் இத்தாலியில், திரியெஸ்தேத் துறைமுகத்தில் ஒரு கடை. கடைக்காரன் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, ஏமாந்தவர்களிடமிருந்து வந்ததெல்லாம் இது, வேடிக்கை பாருங்கள் என்றான். அதில் அது இருந்தது. லெயோன். அரபு வால். ஆறு மணி இடத்தில் விரிசல், முனையில் இரண்டாகப் பிரிந்து. சுத்தியலால் அடித்த காசு ஒவ்வொன்றும் தன் போக்கில்தான் விரியும், ஒன்றின் விரிசல் இன்னொன்றுக்கு வரவே வராது. ஒரே விரிசல் இரண்டு காசில் இருந்தால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்த போலிகள். இதற்குப் படிப்பு வேண்டாம், கிரேக்கம் வேண்டாம், வார்ப்பும் அடிப்பும் இன்ஜின் அறைக்காரனுக்குத் தெரியாத சங்கதியா. காது அடைத்தது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து கால்வாய் ஓரம் நின்றார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வார்கள்? கை வாங்கிற்று, கண்ணில்லை. மறுபடி சிரிப்பார்கள். அடுத்த ஆகஸ்டில் இந்த மேஜையில் உட்கார்ந்து அதைச் சாரின் உள்ளங்கையில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை, சார் ஆராதனை முடிந்து வந்த அதே வெள்ளைச் சட்டையில். சாரின் வீட்டம்மா காப்பியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தார்கள். சார் காசை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார், திரும்பியபோது கண்ணாடியைக் கழற்றியிருந்தார். "இதக் குடுக்க உங்களுக்கு எப்படி மோத்தா மனசு வந்தது?" என்று கேட்டார். "உங்க கையிலதான் சார் இது இருக்கணும்" என்றார் இவர். அந்த வாக்கியம். அதைத்தான் எந்தக் கதை சொல்லியும் துடைக்க முடியவில்லை. சார் அலமாரியிலிருந்து ஹெராக்கிளியஸை எடுத்துவந்து, கேட்காமலே, இவர் சட்டைப்பையில் போட்டார். தெரியாமலா? தெரிந்து. நன்றாகத் தெரிந்து. சாரின் கண்ணுக்கு ஒரு பரீட்சை வைத்தார், சார் தோற்றார், தோற்றது சாருக்குத் தெரியாது. ஒரு வாரம் நெஞ்சு நிறைய இருந்தது. எட்டாவது நாள் அது என்னவோபோல் ஆகி, அப்படியே இத்தனை வருஷம்.

சொல்லியிருக்கலாம். முதல் மாதத்தில் சொல்லியிருந்தால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். சாருக்குத் தெரிய வேண்டாம் என்றிருந்ததும் போய், தெரியட்டும், அவரே கண்டுபிடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட காலமும் உண்டு. ஆனால் சார் கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டார். அரபு வெள்ளி கான்ஸ்டான்டிநோபிளுக்குள் எப்படி வந்தது என்று, அந்தக் காசின் அடியில் தெரியும் எழுத்தை வைத்து இருபத்திரண்டு பக்கம். கல்லூரி ஆய்விதழில் வந்தது. சார் ஆயுசில் அச்சான ஒரே கட்டுரை. முதல் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில், இந்நாணயத்தை மனமுவந்து அளித்த நண்பர் கஸ்பார் மோத்தாவுக்கு நன்றி. மனமுவந்து. கஸ்பார் அந்தப் பக்கத்தைத் தாண்டி அதைப் படித்ததில்லை. ஆய்விதழ் பீரோவில் துணிக்கு அடியில் இருக்கிறது. இப்போது சுகிர்தா சொல்கிறாள், அந்தக் காசைத் தனிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் கட்டுரையும் அப்பா போட்டோவும் வைப்பார்களாம், பொறுப்பாளர் அம்மாவே சொன்னார்களாம். போனில் அதைச் சொல்லும்போது அவள் முகம் எட்டு மாதத்தில் முதல் தடவை கொஞ்சம் தெளிந்திருக்கும் என்று தோன்றியது. அவளுக்கு அது ஒன்றுதான் மிஞ்சப்போகிறது, மூத்திரப் பையும் மாத்திரைச் சீட்டும் போக. இருபத்திரண்டு, அசல். இதோ, வந்துவிட்டது. அட்டையை எடுத்தார். லென்ஸ் வைக்க வேண்டியதில்லை. ஆறு மணி இடத்தில் பாம்பு நாக்கு. சார் கையெழுத்தில் பச்சை மையில், லெயோனும் மகன் கான்ஸ்தந்தீனும், என்று அட்டையில். காலையில் கிளம்பும்போது கஸ்பார் ஒரு திட்டத்தோடுதான் கிளம்பினார், ஹெராக்கிளியஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு. இதை எடுத்துக்கொண்டு அதை வைத்துவிட்டுப் போய்விடுவது, கணக்கு நேராகிவிடும், யாருக்கும் தெரியாது. கட்டுரை இருக்கிறதே. இருபத்திரண்டு பக்கமும் இந்த ஒரு காசைப் பற்றித்தானே. எதை மாற்றி எதை வைத்தாலும் அந்தப் பக்கங்கள் நிற்குமே. பேசாமல் அசல் என்று எழுதிவிட்டால்? நாளைக்கோ பத்து வருஷம் கழித்தோ மெஷினும் கையுமாக ஒருவர் வருவார், ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார், போட்டோவுக்கு முன்னால் நின்று, இந்தப் பேராசிரியர் ஏமாந்தார் என்று. அப்போது யார் ஏமாற்றினது என்று யாரும் கேட்கமாட்டார்கள், நன்றி என்றுதான் போட்டிருக்கிறது. அப்போ பயத்தில்தான் சொல்ல நினைக்கிறேனா, அகப்பட்டுவிடுவோம் என்றா? இல்லை, அகப்படமாட்டேன், அதுதான் பயம். இந்த இடத்தில் புத்தி நின்று நின்று திரும்பிற்று, தேய்ந்த பல்சக்கரம் ஒரே பல்லில் வழுக்குகிற மாதிரி.

சுகிர்தா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். மெடிக்கல் வரைக்கும் போய்விட்டு வர வேண்டும், அப்பாவுக்கு அடியில் விரிக்கிற பேட் தீர்ந்துவிட்டது, அரை மணி நேரம் இருந்து பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். தலையாட்டினார். இரும்புக் கேட்டின் கொண்டி விழுந்த சத்தம், ஸ்கூட்டர் சத்தம், அது தெருமுனை திரும்பிக் கரைந்தது. அப்புறம் கரண்ட் போயிற்று. மின்விசிறி மெதுவாகி நிற்க, அறைக்குள் மோட்டார் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. அந்தச் சத்தம் நின்றதும்தான் அதற்கு அடியில் இருந்த இன்னொன்று கேட்டது, மூச்சு. இழுத்து, நின்று, விட்டு. கஸ்பாருக்கு உடம்பு சிலிர்த்தது. கப்பலில் இன்ஜின் நின்றால் தூங்குகிறவன்கூட எழுந்து ஓடுவான். எழுந்தார். அட்டை கையிலேயே இருந்தது. கதவைத் தள்ளினார். சார் தூங்கவில்லை. கண் திறந்து, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, எவ்வளவு நேரமாகவோ. ஆள் பாதியாகியிருந்தார். முகத்தின் வலது பக்கம் இறங்கியிருந்தது, தாடியை யாரோ அக்கறையாக மழித்திருந்தார்கள். கண் மெதுவாகத் திரும்பி இவர் மேல் வந்து நின்றது. தெரிகிறது, ஆளைத் தெரிகிறது, இடது கை விரிப்பில் லேசாக நகர்ந்தது. கஸ்பார் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். எப்படி இருக்கீங்க என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்கவில்லை. நேரே சொல்லத் தொடங்கினார், தன் குரல் தனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்க. திரியெஸ்தேயைச் சொன்னார். தகரப் பெட்டியைச் சொன்னார். விரிசலைச் சொன்னார். மதுரையைச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தார், அது சாக்கு மாதிரி ஆகிவிடும் என்று. ஆனால் அதுவும் வந்துவிட்டது. பிறகு அட்டையை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தார். "இது வார்த்த காசு சார். உங்க கையில வைக்கும்போதே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வச்சேன்." மூச்சு இழுத்து, நின்றது. வெளியே வேப்பமரத்தில் காற்று. சாரின் வாய் ஒரு பக்கமாக அசைந்தது, நாக்கு எதையோ தேடி, கண்டுபிடித்து, கொண்டுவந்து வைத்தது. "சரி," என்றார்.

அவ்வளவுதான். சரி. எத்தனை வருஷமாக எத்தனை விதமாகக் கேட்டுப் பார்த்த பதில், போங்க வெளியே என்று, சீ என்று, சில சமயம் சிரிப்பாக, சில சமயம் அழுகையாக. கடைசியில் இரண்டே எழுத்து. கஸ்பார் குனிந்து கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டார். குளிர்ச்சியாக இருந்தது. அழுகை வருமென்று பார்த்தார், வரவில்லை, பதிலுக்கு ஒரு பெரிய களைப்பு வந்தது, வாட்ச் டியூட்டி முடிந்து மேல்தளத்துக்கு ஏறி முதல் காற்று முகத்தில் படும்போது வருமே அது. சார் பெரிய மனுஷன். இதற்குத்தானா இத்தனை காலம், ஒரு நாள் வந்து உட்கார்ந்து சொல்லியிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பார், அம்மா காப்பி கொண்டுவந்திருப்பார்கள். கரண்ட் வந்தது. மோட்டார் மறுபடி முனகத் தொடங்கிற்று, மெத்தை மெல்லப் பொங்கிச் சாரைத் தூக்கியது. கேட்டின் கொண்டி சத்தம் கேட்டது. கஸ்பார் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தார். கையில் இரண்டு பையோடு வந்த சுகிர்தாவை உட்காரச் சொன்னார். இப்போது சொல்வது எளிதாக இருந்தது, சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாயிற்று, இது விவரம் தெரிவிப்பதுதான் என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னார். ஹெராக்கிளியஸைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். அவள் அதைப் பார்க்கவில்லை. கைப்பையின் வாரைக் கழற்றாமலே தோளில் பிடித்துக்கொண்டு, இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிப் பெட்டியை நினைக்கிறாள் என்று இவருக்குத் தோன்றியது. "சார்கிட்ட இப்பதான் சொன்னேன், சுகிர்தா. சரின்னு சொல்லிட்டாங்க," என்றார். சொல்லும்போது குரலில் கொஞ்சம் நிம்மதி எட்டிப்பார்த்தது, அது அவருக்கே கேட்டது.

அவள் தோளிலிருந்து வாரைக் கழற்றினாள். பிறகு பையைக் கீழே வைத்தாள். "அங்கிள், எட்டு மாசமா அப்பா வாயில வர்ற ஒரே வார்த்தை அதுதான். தண்ணி வேணுமான்னா சரி. வலிக்குதான்னா சரி. டாக்டர் வந்து பேரு என்னன்னு கேட்டாரு, அதுக்கும் சரி." அவள் குரல் ஏறவில்லை, கரும்பலகைக்கு முன்னால் நின்று சொல்வதுபோல ஒரே சீராக இருந்தது. "அம்மா போயிட்டாங்கன்னு நான்தான் போயிச் சொன்னேன். அதுக்கும் சரின்னுதான் சொன்னாங்க." கஸ்பார் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அப்படியானால் அவருக்குக் கேட்டதா? கேட்டிருக்கும். புரிந்ததா? கண் இவர் மேல் நின்றதே. புரிந்து, உள்ளே என்னவோ ஒன்று புரண்டு, சீ என்று சொல்ல நாக்கு தேடியபோதும் அகப்பட்டது அந்த ஒன்றாகத்தான் இருக்கும். இல்லை, மன்னித்துத்தான் சொன்னாரோ என்னவோ. எது என்று இனி அவர் வாயால் தெரியப்போவதில்லை. கேட்கக்கூடிய காலமெல்லாம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, பேச்சுப் போனவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறோம். இது தெரிந்தே செய்ததா என்று ஒரு கேள்வி எழுந்து நின்றது, மூட்டுவலிபோல, பொய்யுமில்லாமல் மெய்யுமில்லாமல். சுகிர்தா பட்டியல் தாளை இழுத்து அவர் முன்னால் வைத்தாள். இருபத்து மூன்றுக்கு நேரே இடம் காலியாக இருந்தது. "எழுதுங்க அங்கிள்," என்றாள். அவர் போலி என்று எழுதினார். அதன் கீழே, கொடுத்தவர் கஸ்பார் மோத்தா, கொடுக்கும்போதே அவருக்கு இது போலி என்று தெரியும், பேராசிரியருக்குத் தெரியாது என்று எழுதினார். கடைசி இரண்டு வார்த்தையை எழுத நேரம் பிடித்தது. கையெழுத்துப் போட்டு, இன்றைய தேதியை எழுதப்போனபோது அவள் விரலைத் தாளின் மேல் வைத்தாள். "இன்னைக்குத் தேதி வேண்டாம். குடுத்த தேதி." யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பத்தொன்பது, எட்டு, இரண்டாயிரத்தொன்று. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். நாளைக்கு அந்த அம்மா பத்து மணிக்கு வருவார்கள், நீங்களே இருந்து சொல்லணும், என்னால அது முடியாது என்றாள். வருகிறேன் என்றார். கட்டுரையை என்ன செய்வது என்று அவள் கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவள் அறைப்பக்கம் நடந்தாள், கதவுக்குப் பக்கத்தில் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு மணி. "அப்பாவத் திருப்பிப் படுக்க வைக்கணும்," என்றாள், அவர் பக்கம் திரும்பாமலே. "இல்லன்னா முதுகுல புண்ணு வந்திரும். தனியாத் தூக்க எனக்கு முடியல. ஒரு கை குடுங்க." கஸ்பார் குடையை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். அவள் காட்டிய இடத்தில், விழுந்துபோன வலது தோளுக்கு அடியில், இரண்டு கையையும் கொடுத்தார். இத்தனை வருஷப் பழக்கத்தில் சாரின் உடம்பைத் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சட்டைக்குள் எலும்பு சூடாக இருந்தது, நினைத்ததைவிடக் கனமாக. ஒன்று, இரண்டு என்று சுகிர்தா எண்ணினாள். மூன்றில் இருவரும் சேர்ந்து தூக்கினார்கள்.